மண்வீட்டைக் காக்கும் மேற்பூச்சு: ஷிபாமும் ஜென்னேயும் தரும் பாடம்

இஸ்லாமியக் கட்டடக் கலையைப் பற்றிய நூல்களில் குவிமாடங்களும் மினாராக்களும் எழுத்தணிக் கலையும் பெற்றுள்ள இடத்தை, வீட்டின் வெளிச்சுவரில் இடப்படும் பூச்சு பெற்றதில்லை. கட்டுமானம் முடிந்தபின் கொத்தனார் செய்துவிட்டுப் போகும் கடைசி வேலையாகவே அதனை எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின், பச்சை மண்ணால் எழுப்பப்பட்ட முஸ்லிம் நகரங்கள் பல நூற்றாண்டுகளாக நின்று நிலைத்ததன் காரணத்தை ஆராயப் புகுவோமாயின், அக்காரணம் பெரிதும் அந்தப் பூச்சிலேயே அடங்கியிருப்பதைக் காண்கிறோம். யெமன் நாட்டு ஷிபாமையும் மாலி நாட்டு ஜென்னேயையும் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவோம்.

ஹளரமவ்த்தின் மண்மாடங்கள்

ஹளரமவ்த் பள்ளத்தாக்கில், மதிலுக்குள் நெருங்கி நிற்கும் சில நூறு மாடவீடுகளைக் கொண்டது ஷிபாம். 1532-33இல் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின் எழுந்தவையே அவற்றுள் பெரும்பாலானவை. ஏழு மாடி வரை உயர்ந்த இவ்வீடுகளுக்கு எரிந்த செங்கல் பயன்படவில்லை. மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து வெயிலில் உலர்த்திய ‘மதர்’ என்னும் பச்சைக் கற்களே இவற்றின் உடல். சுவர்கள் அடியில் தடித்தும், மேலே செல்லச் செல்ல மெலிந்தும் அமைந்துள்ளன.

பச்சைக் கல் காய்ந்திருக்கும் வரை பாரம் தாங்கும். நனைந்தால் வலிமை இழக்கும். மழை மூன்று வழிகளில் அதைத் தாக்குகிறது. கூரையின் விளிம்பில் தேங்கி உள்ளே இறங்குகிறது. சுவரின் முகத்தில் வழிந்து மண்ணை அரிக்கிறது. தரையில் விழுந்து தெறித்து அடிச்சுவரைக் கரைக்கிறது. இம்மூன்றுக்கும் ஷிபாம் கொத்தர்கள் தனித்தனியே விடை கண்டனர். சுவரின் உடலுக்கு வைக்கோல் கலந்த மண்பூச்சு இட்டனர். மழை நேரே தாக்கும் மொட்டைமாடிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் மேல்மாடிகளுக்கும் ‘நூரா’ எனப்படும் சுண்ணாம்புச் சாந்தைப் பூசினர். நீர் தெறிக்கும் அடிப்பாகத்தையும் அவ்வாறே காத்தனர். பழுப்பு நிற வீடுகள் வெள்ளைத் தலைப்பாகை சூடி நிற்பதுபோல் இன்றும் தோற்றமளிப்பது இதனாலேயாம்.

நூரா ஆக்குவது எளிய தொழிலன்று. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் எரித்து, நீற்றி, கழிகளால் நெடுநேரம் அடித்துப் பதப்படுத்துவர். சுவரில் ஏறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தரைத்த சாந்தை அறிந்த நம் முன்னோருக்கு இந்த உழைப்பின் அருமை புதிதாய்த் தோன்றியிராது. வெண்மையான மேற்பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கோடையில் மேல்மாடியின் வெப்பமும் தணிகிறது.

ஜென்னேயின் ஆண்டுப் பணி

மாலி நாட்டின் ஜென்னேயில் சுண்ணாம்புக்கு இடமில்லை. பானி ஆற்றுப் படுகையின் மண்ணே அங்கு எல்லாம். அம்மண்ணோடு உமியைக் கலந்து, பல நாள் புளிக்கவைத்துக் குழைத்த சேற்றைக் கையாலேயே சுவரில் அப்புகின்றனர். மழைக்காலத்திற்கு முன் பெரிய பள்ளிவாசலைப் பூசும் நாள் ஊர் முழுவதற்கும் திருநாள். இளைஞர் கூடைகளில் சேற்றைச் சுமந்து ஓடுவர். பெண்கள் நீர் கொணர்வர். ‘பரே தோன்’ என்னும் கொத்தர் சங்கத்தினர் மேற்பார்வை செய்வர். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனைமரக் கட்டைகளே அவர்களுக்குச் சாரம். வீடுகளுக்கும் இம்முறையே. ஒவ்வொரு குடும்பத்திற்கும் வழிவழியாக வரும் கொத்தர் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுச் சுவரின் நலம் அவர் பொறுப்பு.

இப்பராமரிப்பு நின்றால் என்னவாகும் என்பதற்கும் அவ்வூர் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜென்னேயைக் கைப்பற்றிய ஷேக்கு அஹ்மது, பழைய பள்ளிவாசலின் ஆடம்பரத்தை விரும்பவில்லை. இறையில்லத்தை இடிக்க மனமின்றி, அதன் நீர்த்தாரைகளை அடைத்துவிடச் செய்தார் என்பது மரபுச் செய்தி. எஞ்சியதை மழை செய்து முடித்தது. 1828இல் அங்கு சென்ற பிரெஞ்சுப் பயணி ரெனே காயியே, கைவிடப்பட்ட அக்கட்டடத்தில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டி வாழ்ந்ததைப் பதிந்துள்ளார். இன்று நாம் காணும் பள்ளிவாசல் 1907இல் கட்டி முடிக்கப்பட்டதாகும். மண்கட்டடத்தை அழிக்கச் சம்மட்டி தேவையில்லை, மறதியே போதும் என்பதை இதனினும் தெளிவாக உரைக்கும் நிகழ்ச்சி அரிது.

மிகையும் மாற்றும் விளைத்த கேடு

பூச்சு நன்மை தருவதாயினும் அதற்கும் அளவுண்டு. ஜென்னே பள்ளிவாசலில் ஆண்டுதோறும் ஏறிய மண் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து கட்டடத்திற்குப் பாரமாகியது. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தபோது அதன் கோபுரங்களுள் ஒன்றின் மேற்பகுதி சரிந்தது. ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளை மேற்கொண்ட செப்பனிடும் பணியில் பழைய அடுக்குகள் களையப்பட்டன.

ஆண்டுச் செலவைத் தவிர்க்க எண்ணிய வீட்டுக்காரர் சிலர் மண்சுவரின்மேல் சுட்ட ஓடுகளைப் பதித்தனர். வேறு பல ஊர்களில் சிமெண்டுப் பூச்சைப் பூசினர். முதற்பார்வைக்கு இது அறிவுடைமையாகவே தோன்றும். ஆனால், மண்சுவர் மூச்சுவிடும் இயல்புடையது; தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவர் முகத்தின் வழியே ஆவியாகி வெளியேற வேண்டும். மண்பூச்சும் சுண்ணாம்பும் அதற்கு வழிவிடுகின்றன. சிமெண்டு விடுவதில்லை. மேலும், வெயிலிலும் ஈரத்திலும் மண் விரிந்து சுருங்கும் அளவும் சிமெண்டு விரிந்து சுருங்கும் அளவும் வேறு. எனவே விரிசல் தோன்றுகிறது. அதன் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. மேலே உறுதியான ஓடாய்ப் பூச்சு நிற்க, உள்ளே சுவர் சேறாகிறது. வீட்டார் அதனை அறியும் நாள் பெரும்பாலும் காலம் கடந்த நாளாகவே இருக்கும். மண்பூச்சு கரைவதோ கண்ணுக்குத் தெரியும்; அடுத்த பருவத்தில் சீர்செய்துவிடலாம். சுவருக்காகத் தான் கரைவதே அதன் பணி.

ஷிபாம் 1982இலும் ஜென்னே 1988இலும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. 2000இல் யெமனும் ஜெர்மனியும் இணைந்து தொடங்கிய திட்டம், வீட்டைச் செப்பனிடும் செலவில் ஒரு பகுதியை உரிமையாளருக்கு உதவியாக அளித்து, உள்ளூர்க் கொத்தருக்கு மீண்டும் வேலை தந்தது. அதற்கு 2007இல் ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2008 அக்டோபரில், ஹளரமவ்த்தில் பெருவெள்ளம் வந்தது. பின்னர் மூண்ட போரினால் 2015இல் ஷிபாமும், நாட்டின் அமைதியின்மையால் 2016இல் ஜென்னேயும், ஆபத்திலுள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மண்ணும் வைக்கோலும் சுண்ணாம்புக் கல்லும் அந்நாடுகளில் அருகிவிடவில்லை. அருகிவருவது அவற்றைப் பதம் பார்த்துக் குழைக்கத் தெரிந்த கைகளும், பருவந்தோறும் அக்கைகளுக்குக் கூலி கொடுக்க இயன்ற குடும்பங்களுமே ஆகும். கொத்தர் தம் மக்களுக்குத் தொழிலைக் கற்பித்து வந்த வரை அந்நகரங்கள் வெள்ளத்தையும் கடந்து நின்றன. மரபைக் காப்போம் எனக் கூறுவோர் சுவருக்கு முன்பாகக் கொத்தரைக் காக்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவாகும்.