எங்கே கிள்ளுவது?

நாலு மாசம் முன்னாடி என் நண்பன் ஒருத்தனுக்கு, வயசு 26, காய்ச்சல் விட்ட ஒரே வாரத்தில் நெஞ்சுவலி. ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறியிருந்தது. ஹார்ட் அட்டாக்தான்னு பயந்து ஆஞ்சியோகிராம் பண்ணினாங்க. அடைப்பே இல்லை. அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துதான் கண்டுபிடிச்சாங்க: மயோகார்டைட்டிஸ். இதயத் தசையில் அழற்சி. பெரும்பாலும் வைரஸ் செய்யும் வேலை.

உயிரோடு இருப்பவரிடம் இதை உறுதி செய்வது ரொம்ப காலம் பெரும்பாடாக இருந்தது. 1962-ல் ஜப்பானில் சகாகிபாரா, கொன்னோ என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு வழி காட்டினார்கள். ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் உள்ள குட்டி இடுக்கியால் கடுகளவு தசையைக் கிள்ளி எடுப்பது. அதுதான் பயாப்ஸி. அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்பில் எப்படிப் படிப்பது என்பதற்கு 1980-களில் டல்லாஸ் விதிகள் வந்தன.

சிக்கல் என்னன்னா, இந்த அழற்சி பல பேருக்குத் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். இடம் தப்பிக் கிள்ளினா ரிப்போர்ட் 'நார்மல்'. நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்!

இங்கேதான் எம்.ஆர்.ஐ. வருது. 1998-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் குழு, காடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றி இந்த நோயாளிகளைப் படம் எடுத்தது. காடோலினியம் நல்ல செல்லுக்குள் நுழையாது. செல் உடைஞ்ச இடத்தில் தேங்கி நிற்கும். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தால் அந்த இடம் வெள்ளையாத் தெரியும். மாரடைப்பில் இந்த வெள்ளை உள்சுவரில் தொடங்கும், அழற்சியில் பெரும்பாலும் வெளிப்பக்கம்.

ஆனா அந்த வெள்ளைதான் நோய்னு எப்படி நம்புறது? 2004-ல் வெளிவந்த ஸ்டுட்கார்ட் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 32 பேர். முதலில் படம், பிறகு படம் பார்த்து பயாப்ஸி. வெள்ளை இடத்திலேயே கிள்ள முடிந்தது 21 பேருக்கு, அதில் 19 பேருக்கு நோய் தெரிந்தது. அங்கே எட்டாமல் வேறு இடத்தில் கிள்ளிய 11 பேரில்? ஒரே ஒருவர். அத்தனை வருஷமா எத்தனை 'நார்மல்' ரிப்போர்ட் தப்பா வந்திருக்கும், யோசிங்க.

2009-ல் படத்தை வைத்தே முடிவெடுக்க லேக் லூயிஸ் விதிகள் வந்தன, 2018-ல் திருத்தினார்கள். எந்த வைரஸ் என்று மட்டும் படம் சொல்லாது, அதுக்கு இன்னமும் கிள்ளித்தான் ஆகணும்.

நண்பன் படத்தில் வெளிச்சுவரில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆறு மாசத்துக்கு ஃபுட்பால் கிடையாதுன்னுட்டாங்க. இப்போ டர்ஃப் ஓரமா நின்னு ஸ்கோர் எண்ணிட்டிருக்கான்.