இசைவும் அடிபணிதலும்

1972 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் நாள் இரவு, மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் அந்நாளில் அடங்கியிருந்த தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு ஓர் ஆதிவாசிச் சிறுமி வந்தாள். தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்து, உடன்பிறந்தானோடு வாழ்ந்தவள். வயது 14க்கும் 16க்கும் இடைப்பட்டது என மருத்துவர் பின்னர் மதிப்பிட்டார். அவளைக் கடத்திவிட்டார்கள் என்று உடன்பிறந்தான் கொடுத்த புகாரின் மேல்தான் விசாரணை. பத்தரை மணியளவில் எல்லோரும் புறப்படுகையில், காவலர் இருவர் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டனர். விளக்கு அணைந்தது; கதவு சாத்தப்பட்டது.

வெளியே வந்த பெண் நடந்ததைச் சொன்னாள். நிலையத்தையே கொளுத்திவிடுவோம் என்று கூட்டம் கொதித்தெழுந்த பின்னரே அவளது வாக்குமூலம் எழுதப்பட்டது. அக்கூட்டம் இல்லாதிருந்தால் இவ்வழக்கே இராது என்று நாம் துணிந்து கூறலாம்.

அவள் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. வழக்கோ அவள் பெயராலேயே நாடெங்கும் அறியப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரை அச்சிடலாகாது என்ற சட்டம் அவளுக்குப் பின் வந்ததாகும்.

1974 ஜூனில் செஷன்ஸ் நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அவள் பொய் சொல்பவள், ஆண் உறவுக்குப் பழகியவள் என்பது அங்கே கண்ட முடிவு. குற்றம் சாட்டப்பட்டவர் என்ன செய்தார் என்ற கேள்வி, குற்றம் சாட்டியவள் எப்படிப்பட்டவள் என்ற கேள்வியாக மாறிப்போயிற்று. அக்காலத் தமிழ் ஏடுகள் இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதின. அச்சொல்லும் இதே தவற்றைச் செய்ததன்றோ? குற்றம் ஒருவனுடையது, அழிந்ததாகச் சொல்லப்பட்டதோ அவளுடைய கற்பு!

1976 இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு இத்தீர்ப்பை மாற்றியது. அச்சத்தால் அடிபணிதல் வேறு, மனமொப்பி இசைதல் வேறு என்று அது தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இருவருள் ஒருவருக்கு ஐந்தாண்டும், மற்றவருக்கு ஓராண்டும் சிறை. நள்ளிரவை நெருங்கும் வேளையில், காவல் நிலையத்துக்குள், காவலரிடமே அகப்பட்ட ஏழைச் சிறுமி யாரைக் கூவி அழைப்பாள்? ஆயினும் 1978 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அவள் உடலில் காயமில்லை. ஆகவே அவள் எதிர்க்கவில்லை. ஆகவே இசைந்தாள் என்பது அதன் வாதம்.

அதே 1978 மார்ச்சில் ஹைதராபாத்தில் ஒரு முஸ்லிம் பெண் காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் கணவர் உயிரிழந்தார். நகரம் கொந்தளித்தது. நீதிபதி முக்ததர் விசாரணைக் குழு காவலர்களைக் குற்றவாளிகளெனக் கண்டது. அக்குழுவின் முன்னும் அப்பெண்ணின் ஒழுக்கமும், அவருடைய நிக்காஹ் செல்லுமா என்பதுமே கிளறப்பட்டன. வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டது. 1981 இல் காவலர் அனைவரும் விடுதலையாயினர்.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்டப் பேராசிரியர் நால்வர், தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இப்படி நேருக்கு நேர் கேட்பது அந்நாளில் சிறு துணிவன்று. பெண்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கினர். 1983 இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டு, நான் இசையவில்லை என்று பெண் கூறினால், இசைவில்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். மூடிய அறையில் விசாரணை, பெயர் மறைப்பு ஆகியவையும் அப்போது வந்தவையே. ஆனால் தேசாய்கஞ்ச் சிறுமிக்கு 1978 தீர்ப்பே இறுதியாயிற்று.

சாட்சியச் சட்டத்தின் ஒரு பிரிவு அப்போதும் தப்பிவிட்டது. புகார் கொடுத்தவள் ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சொல்லை உடைக்க எதிர்த்தரப்புக்கு இடமளித்த பிரிவு அது. 2002 ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. உடலால் எதிர்க்காததை மட்டும் வைத்து இசைவெனக் கொள்ளலாகாது என்னும் விதி 2013 இல் எழுதப்பட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

நிகழ்ச்சிக்கு மறுநாள் இரவு அச்சிறுமியிடம் மருத்துவர் செய்த இரு விரல் பரிசோதனையை 2013 இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அது நிற்கவில்லை. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் நடத்தைக் கேட்டுக்கு உள்ளாவார் என்று அதே நீதிமன்றம் மீண்டும் கூற நேர்ந்தது.