இருவரை விட்டுவர மறுத்த அணி

புத்தாண்டு மலருக்கு விளையாட்டுப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் 'பிக் மாட்ச்' பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கினம். நான் சொல்லப்போவது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கல்லூரி அணியொன்றின் கதை. 1951ஆம் ஆண்டு ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்ற அணி அது. அந்த ஆண்டோடு அந்த அணியே இல்லாமற் போனது. எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கோ.

முதலில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் 'ஃபுட்போல்' என்று சொல்வது எங்கட உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவமான பந்து, தலைக்கவசம், தோளிலே காப்பு, அணிக்குப் பதினொரு பேர். பார்வைக்கு றக்பியின் தம்பி மாதிரி இருக்கும். பந்தைக் கையில் ஏந்தியபடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளிகள். அதற்கு 'ரச்டவுண்' என்று பெயர். பந்தோடு எத்தனை யார் தூரம் ஓடினார் என்பதை வைத்துத்தான் ஓட்டக்காரரின் திறமையை அளப்பார்கள். அமெரிக்காவிலே கல்லூரி ஆட்டங்களுக்கு எப்போதும் பெருங்கூட்டம் கூடும். பருவம் முடிந்ததும் மிகச் சிறந்த அணிகளைத் தெரிந்தெடுத்து, புத்தாண்டு நாளையொட்டிக் 'கிண்ண' ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். அந்த அழைப்பில் புகழும் இருந்தது, கல்லூரிக்குப் பெருந்தொகைப் பணமும் இருந்தது.

அணியில் இருந்தவர்கள்

சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைக் குருமார் 1855இல் தொடங்கியது. பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதன் அணிக்கு 1951இல் பயிற்சியாளராக இருந்தவர் ஜோ குஹாரிச், கண்டிப்பான மனிதர். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பீற் றோசெல் என்ற இளைஞர் பார்த்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கோ, பிறகு வரும்.

வீரர்களில் நான்கு பேரைச் சொல்ல வேண்டும். ஜீனோ மார்க்கெற்றி, இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். இரண்டாம் உலகப்போரில் இயந்திரத் துப்பாக்கியோடு ஐரோப்பாவின் பனியில் நின்றுவிட்டுப் படிக்க வந்தவர். பொப் செயின்ற் கிளெயர், சான்பிரான்சிஸ்கோவிலேயே பிறந்தவர், ஆறடி ஒன்பது அங்குல உயரம். இறைச்சியைச் சமைக்காமற் பச்சையாகவே தின்பார் என்பது ஊரறிந்த விஷயம். மற்ற இருவரும் கறுப்பினத்தவர். ஒல்லி மற்சன் 1930இல் ரெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். பேர்ள் ரோலர் 1928இல் ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் பிறந்தவர். அணி முழுவதிலும் கறுப்பர் இந்த இருவர் மட்டுமே.

இந்த இருவரும் பிறந்த தென்மாநிலங்களில் அக்காலத்தில் பள்ளிக்கூடம், பஸ், சாப்பாட்டுக் கடை, தண்ணீர்க் குழாய் எல்லாமே வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு. சட்டமே அப்படி இருந்தது. அதிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்குக்கும் மேற்குக்கும் பெயர்ந்தார்கள். மற்சனும் ரோலரும் அந்தப் பெரும் இடப்பெயர்வின் பிள்ளைகள். ஊரைவிட்டு வந்த இடத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில், 1948இல் ஒரே அணியில் ஆடித் தோல்வியே காணாதவர்கள். அங்கிருந்து சேர்ந்தே பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள்.

ஒன்பதுக்கு ஒன்பது

1951ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த அணியை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. ஒக்ரோபரில் நியூயோர்க் போய்ப் போர்டம் பல்கலைக்கழகத்தை 32க்கு 26 என்று வென்றது. எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடி, மற்சன் அந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை ரச்டவுண் போட்டார். கிழக்குக் கரைப் பத்திரிகைக்காரர்கள் அதன் பிறகுதான் இந்தச் சின்னக் கல்லூரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 17ஆம் தேதி ஸ்ரொக்ரன் நகரில் பசிபிக் கல்லூரியோடு ஆட்டம். இரண்டு அணிகளுமே கிண்ண அழைப்பை எதிர்பார்த்திருந்தன. முடிவு 47க்கு 14, சான்பிரான்சிஸ்கோவுக்குப் பெருவெற்றி. அடுத்த வாரம் லொயோலாவை 20க்கு 2 என்று வென்றதோடு கணக்கு முடிந்தது. ஒன்பது வெற்றி. தோல்வியுமில்லை, சமநிலையுமில்லை. மற்சன் அந்தப் பருவத்தில் பந்தோடு ஓடிய தூரம் 1,566 யார். போட்ட ரச்டவுண்கள் 21. அந்த ஆண்டு அமெரிக்கா முழுவதிலும் அவரைவிடக் கூடுதலாக ஓடியவர் ஒருவருமில்லை. அவர் தாக்குதலில் மட்டுமல்ல, தற்காப்பிலும் ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

வந்த நிபந்தனை

ஒறேஞ் கிண்ணம், சுகர் கிண்ணம், கேற்றர் கிண்ணம் ஆகிய மூன்றும் தென்மாநிலங்களில் நடப்பவை. வெள்ளையர் அணிகளுக்கு எதிராகக் கறுப்பர் ஆடுவதை அங்கே விரும்பமாட்டார்கள். அதனாற் செய்தி வாய்வழியாக வந்தது: அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு வருவதானால் உங்களுக்கு இடமுண்டு.

இது புதிய வழக்கமல்ல. 'கனவான்களின் உடன்பாடு' என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரே இருந்தது. எழுத்தில் ஒன்றும் இராது. தென்மாநில அணியோடு ஆடப்போகும் வடமாநிலக் கல்லூரி, தன் கறுப்பு வீரரைச் சத்தம்போடாமல் வீட்டில் விட்டுவிட்டுப் போகும். 1940இல் நியூயோர்க் பல்கலைக்கழகம் மிசூரியோடு ஆடப் போனபோது லெனார்ட் பேற்ஸ் என்ற வீரரை அப்படித்தான் விட்டுச் சென்றது. அவர் ஆடியே ஆகவேண்டும் என்று மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பலனில்லை. 1941இல் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய ஏழு மாணவர்களை அந்தப் பல்கலைக்கழகமே இடைநிறுத்தியது. அங்கே மாணவர்கள் எதிர்த்தார்கள், நிர்வாகம் தலையாட்டியது. பெரிய கல்லூரிகளே வளைந்துகொடுத்த காலம் அது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

சான்பிரான்சிஸ்கோ வீரர்கள் என்ன செய்தார்கள்? மார்க்கெற்றியும் செயின்ற் கிளெயரும் பிற்காலத்தில் பல தடவை சொன்னார்கள்: வாக்கெடுப்பும் இல்லை, நீண்ட விவாதமும் இல்லை. அவர்கள் இல்லாமல் நாங்கள் போகமாட்டோம் என்பதுதான் பதில். அவ்வளவுதான். இந்த முடிவை எடுத்தவர்கள் இருபதுகளில் இருந்த பொடியன்கள். அழைப்பு வந்திருந்தால் அது அவர்களின் வாழ்நாளில் ஒரே தடவை கிடைக்கிற பெருமையாக இருந்திருக்கும்.

வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு. இவர்கள் மோதிய அணிகள் பலமில்லாதவை என்றார்கள். இதிலே ஒரு உண்மையும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இவர்கள் ஆடியிருக்கவில்லைத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. இவர்களிடம் 47க்கு 14 என்று தோற்ற பசிபிக் கல்லூரிக்கு அதே பருவத்தில் ரெக்சாசில் நடந்த சன் கிண்ணத்துக்கு அழைப்புக் கிடைத்தது. வென்றவன் வீட்டிலே இருக்க, தோற்றவன் கிண்ணத்துக்குப் போனான். பலத்தைப் பற்றிய நியாயத்தை இதுக்குப் பிறகு எப்படி நம்புகிறது?

கொடுத்த விலை

கல்லூரிக்கு இந்த விளையாட்டாற் கடன் ஏறிக்கொண்டிருந்தது. கேசார் மைதானத்தில் நகரத்தின் தொழில்முறை அணியும் ஆடியதால் சனத்தின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1951ஆம் ஆண்டுப் பருவம் முடிந்த கையோடு பல்கலைக்கழகம் தன் அணியைக் கலைத்தது. பின்னொரு காலத்தில் சிறிய அளவில் ஆட்டம் திரும்பி வந்தாலும் அந்த உயரத்துக்கு ஒருநாளும் வரவில்லை.

கிண்ணப் பணம் வந்திருந்தால் அணி பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். லொயோலாவும் அதே பருவத்தோடு நிறுத்தியது. சான்ரா கிளாரா அடுத்த ஆண்டோடு நிறுத்தியது. சிறிய கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கெல்லாம் அது கெட்டகாலம். ஆனாலும் கடனில் நின்ற ஒரு கல்லூரி, கைக்கெட்டிய பணத்தை இரண்டு மாணவர்களுக்காக விட்டது என்பது உண்மை. நட்டமில்லாத நேரத்தில் நேர்மையாக இருப்பது எல்லாருக்கும் ஏலும். இவர்கள் நட்டத்தோடு இருந்தார்கள்.

பிறகு நடந்தவை

1952இல் மற்சன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், அஞ்சல் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். பிறகு தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பெயர் எடுத்தார். 1959இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணி அவர் ஒருவருக்காக ஒன்பது பேரை மாற்றாகக் கொடுத்தது. அந்தப் பேரத்தை முடித்தவர் வேறு யாருமல்ல, பழைய பீற் றோசெல்தான். அவர் 1960 முதல் 1989வரை தேசிய ஃபுட்போல் சங்கத்தின் ஆணையாளராக இருந்து அந்த விளையாட்டையே மாற்றியமைத்தார். மற்சன், மார்க்கெற்றி, செயின்ற் கிளெயர் மூவரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒரே பருவத்தில் ஒரே கல்லூரிக்காக ஆடிய மூவர்!

ரோலரின் வழி வேறு. 1952இல் முழங்காலில் பட்ட காயம் அவருடைய ஆட்டத்தை முடித்துவிட்டது. மனம் தளராமல் ஆசிரியரானார், பிறகு சான்பிரான்சிஸ்கோவில் அதிபரானார். 1965இல் தேசிய ஃபுட்போல் சங்கத்தின் முதலாவது கறுப்பின நடுவராகவும் ஆனார். 1980இல் 'சூப்பர் போல்' இறுதியாட்டத்திலும் நடுவராக நின்றார். 1951இல் மைதானத்துக்குள் வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர், பிறகு விசில் ஊதி மற்றவர்களுக்குச் சட்டம் சொன்னார்.

தெற்கும் மெல்ல மாறியது. 1956 ஜனவரியில் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் பொபி கிறயர் என்ற கறுப்பு வீரரோடு சுகர் கிண்ணத்தில் ஆடியது. ஜோர்ஜியா மாநில ஆளுநர் எதிர்த்தும் அந்த ஆட்டம் நடந்தது. சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமோ 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் கூடைப்பந்தில் தேசியச் சம்பியனானது. அந்த அணியின் தூண்களான பில் றசல், கே.சி. ஜோன்ஸ் இருவரும் கறுப்பர்களே.

1951ஆம் ஆண்டு அணிக்கு மரியாதை வரப் பிந்தியது. 2008இல் அரிசோனாவின் ஃபியெஸ்ரா கிண்ண ஆட்டத்துக்கு, உயிரோடிருந்த வீரர்களை அழைத்துக் கௌரவித்தார்கள். அரைநூற்றாண்டுக்கு மேல் கடந்து வந்த அழைப்பு. 2009இல் ரோலரும் 2011இல் மற்சனும், 2015இல் செயின்ற் கிளெயரும் 2019இல் மார்க்கெற்றியும் காலமானார்கள்.

என் மனதை மிகவும் தொட்ட செய்தி 2017இல் நடந்தது. பல்கலைக்கழகத்து மாணவர் விடுதியொன்றுக்கு ஜேம்ஸ் ஃபீலன் என்ற பழைய அரசியல்வாதியின் பெயர் இருந்தது. ஆசியாவிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்று பாடுபட்டவர் அவர். கலிபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம் என்று 1920இல் தேர்தலில் நின்றவர். மாணவர்கள் கேட்டுக்கொண்டபடி அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பேர்ள் ரோலரின் பெயரை வைத்தார்கள். இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த பிள்ளையள் அந்தக் கூரைக்குக் கீழே படுத்தெழும்பிப் படிக்கினம்.

இனி, எங்களுக்கு என்ன சம்பந்தம்? ஒரு சமூகத்தைப் பிரிக்கிறவர்கள் எப்போதும் தடியோடு வருவதில்லை. அழைப்பிதழோடும் வருவார்கள். நீங்கள் நல்லவர்கள், உழைக்கிறவர்கள், உங்களுக்கு இடமுண்டு. உங்களுக்குப் பின்னால் வருகிற ஆட்கள்தான் சரியில்லை என்று எங்களிடமும் சொல்லுவார்கள். முதலில் வந்தவருக்கும் பிந்தி வந்தவருக்கும், விசா கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையில் அந்தக் கோட்டைக் கீறலாம். எங்களுக்கும் வேறு நாட்டு அகதிகளுக்கும் இடையிலும் கீறலாம். அந்த நேரத்தில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை 1951இலேயே சில பொடியன்கள் சொல்லிவிட்டார்கள். வந்தால் எல்லாரும் வருவோம், இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டோம்.

எங்கட பிள்ளையள் ரீவியில் இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, பெற்றோர் பக்கத்தில் இருந்து இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கோ. உங்கள் அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.