வழுக்கையும் விரை இழந்தவர்களும்

ஆண்களின் வழுக்கையைப் பற்றி மனிதகுலம் உருப்படியாக அறிந்துகொண்ட முதற்செய்தி ஒன்றே ஒன்றுதான்: விரை நீக்கப்பட்டவனுக்கு வழுக்கை விழுவதில்லை. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸின் பெயரால் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களின் ஆறாம் பிரிவில் இது போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களைக் கீல்வாதமும் அண்டாது என்று அதே மூச்சில் ஒரு சேர்க்கை. கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டு, காரணம் கூறாமல் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒற்றை வரி ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

இன்று மருந்துக்கடையில் வழுக்கைக்கென்று விற்கப்படும் மாத்திரையின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், நாம் போய்ச் சேருவது அழகுக்கலை நிலையத்துக்கு அல்ல. உடலில் ஒன்றை இழந்த, இழக்கச் செய்யப்பட்ட, அல்லது பிறவியிலேயே அது அமையாத மனிதர்களிடம். அவர்களில் எவரும் தம் தலைமுடியைப் பற்றிக் கவலைப்பட்டு மருத்துவரிடம் போனவர்கள் அல்லர். அந்த வம்சாவளியைத்தான் இங்கே சற்று விரித்துரைக்க முற்படுகிறோம்.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'மயிர்' என்பது நம் பழைய இலக்கியத்தில் மானமுள்ள சொல். இன்று அதை வகுப்பறையில் உச்சரித்தால் பின் வரிசையில் சிரிப்பலை எழுகிறது. 'மயிர்க்கால்' என்ற சொல்லுக்கு மட்டும் மாற்று இல்லாததால் அதனை விடாமல் வைத்துக்கொள்கிறோம்.)

ஹிப்போகிரட்டிஸுக்கு முன்னால் மருந்துகள் இருந்தன, விளக்கந்தான் இல்லை. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் சுருளில் சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் பூசச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. சிங்கத்தையும் முதலையையும் பிடித்துக் கொழுப்பெடுக்கத் துணிந்தவனுக்குத் தலைமுடி ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றுகிறது. நம் பக்கத்துச் சுசுருத சம்ஹிதை இன்னும் சற்று முறையானது. பித்தமும் வாதமும் மயிர்க்காலில் சேர்ந்து முடியை உதிர்க்கின்றன; பின்னர் கபமும் இரத்தமும் அந்தத் துளைகளை அடைத்துக்கொள்வதால் மறுபடி முளைப்பதில்லை என்று சொல்லி, இந்நோய்க்கு இந்திரலுப்தம் என்று பெயரிடுகிறது. உதிர்வதும் முளைக்காமற்போவதும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் என்று பிரித்துப் பார்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

அரிஸ்டாட்டில் ஹிப்போகிரட்டிஸ் மரபின் செய்தியை எடுத்துக்கொண்டு காரணம் காண முயன்றார். சிறுவருக்கும் பெண்களுக்கும் விரை நீக்கப்பட்டோருக்கும் வழுக்கை இல்லை. ஆகவே புணர்ச்சிக்கும் வழுக்கைக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும். புணர்ச்சியால் உடலின் வெப்பம் குறைகிறது. உடலிலேயே குளிர்ச்சியான உறுப்பாகிய மூளை அக்குறைவை முதலில் உணர்கிறது. குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்ப்பது போலத் தலை முடியை உதிர்க்கிறது என்பது அவர் கட்டிய வாதம். வாதம் பிழை, உவமை அழகு. பெண்களுக்கு வழுக்கை இல்லை என்றதும் பாதிதான் சரி. பெண்களுக்கும் வகிட்டை ஒட்டி முடி அடர்த்தி குறைவதுண்டு; நெற்றியோரம் ஆண்களைப்போல் பின்வாங்குவது குறைவு என்பதால் அது கண்ணில் படுவதில்லை.

ஆண்மைக்கும் வழுக்கைக்கும் முடிச்சுப் போடும் பழக்கத்தை உரோமாபுரி வீரர்களிடமும் காண்கிறோம். ஜூலியஸ் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் அவருடைய படைவீரர்களே அவருடைய வழுக்கையையும் பெண்பித்தையும் ஒரே அடியில் இணைத்துக் கேலிப்பாட்டுப் பாடியதாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். உச்சியில் மிச்சமிருந்த முடியை முன்னோக்கிச் சீவி விடுவது சீசரின் வழக்கம். செனட் அவருக்கு அளித்த சிறப்புகளிலேயே எப்போதும் வாகைமாலை சூடிக்கொள்ளும் உரிமையைத்தான் அவர் மிகவும் மகிழ்ந்து ஏற்றாராம். உலகை வென்றவர் காதோரத்து நாலு மயிரை வைத்துப் போராடியதை அறியும்போது அவர்மேல் நமக்குப் பரிவு உண்டாகிறது.

இலக்கிய வாசகர்கள் தவறவிடக் கூடாத ஒருவர் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறார். இன்றைய லிபியாவில் இருந்த கிரேக்க நகரம் சைரீன். அவ்வூர்க்காரரான சினீசியஸ், பின்னாளில் கிறித்தவப் பேராயர் ஆனவர், கி.பி. 400ஐ ஒட்டி 'வழுக்கைக்கு ஒரு புகழுரை' எழுதினார். தியோ கிறிசோஸ்தோம் என்ற பழைய நாவலர் கூந்தலைப் புகழ்ந்து எழுதியதற்கு இது மறுப்பு. ஞானிகளின் தலையைப் பாருங்கள். வடிவங்களில் முழுமையானது கோளம். மயிர் அடர்ந்த விலங்குகளில் ஆடு எவ்வளவு மந்தமானது என்று தர்க்கம் வளர்கிறது. விளையாட்டு எழுத்துத்தான். ஆனாலும் முடி கொட்டத் தொடங்கியபோது தாம் பட்ட மனவேதனையை அவர் ஒளிக்கவில்லை. அந்த வேதனைதான் அக்கட்டுரையை இன்றும் படிக்க வைக்கிறது.

இனி அறிவியலுக்கு வருவோம். 1849இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்பவர் சேவற்குஞ்சுகளின் விரைகளை நீக்கிப் பார்த்தார். கொண்டை சிறுத்தது, கூவும் ஆசையும் சண்டையிடும் ஆசையும் போயின. நீக்கிய விரையை வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்துத் தைத்தபோது அவை மீண்டும் சேவல்களாக வளர்ந்தன. நரம்பு அறுந்தும் வேலை நடப்பதால், விரையிலிருந்து ஏதோவொன்று குருதியில் கலக்கிறது என்று தெரிந்தது. அந்த ஏதோவொன்றாகிய டெஸ்டோஸ்டிரோன் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்திலும் செய்யப்பட்டது.

அமெரிக்க உடற்கூற்றியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் அதை வழுக்கையோடு பொருத்தினார். 1942இல் வெளியான அவருடைய கட்டுரையே இத்துறையின் மூலநூல் என்று சொல்லலாம். பருவமடையும் முன்போ பருவகாலத்திலோ விரை இழந்தவர்களையும், பிறவியிலேயே விரை வளராதவர்களையும் அவர் கூர்ந்து பார்த்தார். பருவமடையுமுன் விரை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்திப் பார்த்தார். சிலருக்கு முடி உதிரத் தொடங்கியது, சிலருக்கு உதிரவில்லை. உதிர்ந்தவர்கள் பெரும்பாலும் வழுக்கை உள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள். ஊசியை நிறுத்தியதும் உதிர்வது நின்றது. போன முடி திரும்பவில்லை. ஹார்மோன், பரம்பரை, வயது ஆகிய மூன்றும் கூடினால்தான் வழுக்கை என்ற இன்றைய அறிவு அங்கேதான் பிறந்தது. வழுக்கையின் படிநிலைகளை 1951இல் வகைப்படுத்தியவரும் அவரே. 1975இல் நார்வுட் திருத்திய வடிவில் அந்த அட்டவணைதான் இன்றும் மருத்துவர்களின் சுவரில் தொங்குகிறது.

ஊசி போட்டுக்கொண்ட அந்த மனிதர்களைப் பற்றி நாம் அறிவது மிகச் சொற்பம். தலையில் முடி குறைந்தது என்பதைத் தவிர அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் கட்டுரையில் இடமில்லை.

இதே ஹாமில்டன் 1969இல் கார்டன் மெஸ்ட்லருடன் சேர்ந்து இன்னோர் ஆய்வை வெளியிட்டார். அது வழுக்கை பற்றியதன்று, ஆயுள் பற்றியது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அடைத்துவைக்கப்பட்டிருந்த ஓர் அமெரிக்க விடுதியின் ஏடுகளைக் கொண்டு, விரை நீக்கப்பட்ட 297 ஆண்களையும் நீக்கப்படாத 735 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். நீக்கப்பட்டவர்கள் சராசரியாக 13 ஆண்டுகளுக்குமேல் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது முடிவு. அந்த 297 என்ற எண்ணில்தான் நமக்குக் கண் தடுக்குகிறது. ஒரே விடுதியில் இத்தனை பேர் எப்படி? விடுதி இருந்தது கான்சஸ் மாநிலத்தில். அங்கே 1890களிலேயே விடுதிக் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் பில்ச்சர் பிள்ளைகளுக்கு இந்த அறுவையைச் செய்யத் தொடங்கிவிட்டார்; 1913இல் மாநிலமே கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 'தகுதியற்றவர்கள்' பெருகக் கூடாது என்ற இனமேம்பாட்டு வாதம் அக்காலத்தில் படித்தவர்களின் வாதமாக இருந்தது. கான்சஸில் அச்சட்டத்தின்கீழ் அறுக்கப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். ஆய்வாளர் அந்த அநீதியைச் செய்யவில்லை. அது விட்டுச்சென்ற ஏடுகளைப் பயன்படுத்தினார். இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை ஏற்கிறோம். அந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதில்தான் நம் மனம் ஒருநிலைப்படுவதில்லை.

அடுத்த கண்ணி கரிபியக் கடலில் இருக்கிறது. டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் லாஸ் சலினாஸ் என்ற சிற்றூர். அங்கே சில குழந்தைகள் பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டுப் பெண்ணாகவே வளர்க்கப்படுவார்கள். பருவம் எய்தும்போது குரல் தடித்து, தசை முறுக்கேறி, ஆணுறுப்பு வளர்ந்து ஆண்களாகிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் குவேதோசேஸ் என்றார்கள். பன்னிரண்டு வயதில் விரை வந்தவர் என்று பொருள். ஜூலியன் இம்பெராட்டோ-மக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே போய் ஆராய்ந்து 1974இல் எழுதினார்கள். உறவுக்குள்ளேயே மணமுடித்த குடும்பங்களில் ஒரு மரபணுக் குறை இறங்கிவந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோனை அதனினும் வீரியமுள்ள டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அவர்களிடம் போதவில்லை. கருவில் ஆணுறுப்பை உருவாக்குவது இந்த இரண்டாவது ஹார்மோன். பருவத்தில் குரலையும் தசையையும் மாற்ற முதலாவதே போதும்.

இவர்கள் வளர்ந்த பிறகும் ப்ராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது. தாடி குறைவு. நெற்றியோரம் முடி பின்வாங்கவே இல்லை. மெர்க் நிறுவனத்தின் ஆய்வுத் தலைவராக இருந்த ராய் வேஜலோஸ் இச்செய்தியைப் படித்து, முதியோரின் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது என்று கண்டார். அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு 1992இல் அமெரிக்காவில் ப்ராஸ்டேட் மருந்தாகவும், 1997இல் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வழுக்கை மருந்தாகவும் அனுமதி பெற்றது.

மற்ற மருந்தாகிய மினாக்சிடிலின் கதை தற்செயலின் கதை. இரத்தக்கொதிப்புக்குக் கொடுத்தபோது வேண்டாத இடங்களிலெல்லாம் முடி முளைத்தது. 1988இல் அதையே தலையில் தடவும் திரவமாக விற்றார்கள். முடிமாற்று அறுவைக்கு வழிசெய்தது, பிடரிப் பக்கத்து முடியைப் பிடுங்கி உச்சியில் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடே வாழும் என்று 1959இல் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதிய கட்டுரை. அதே ஹார்மோன் முகத்தில் தாடியை வளர்க்கிறது, உச்சியில் முடியை ஒடுக்குகிறது, பிடரியைத் தொடுவதே இல்லை. இந்த முரணுக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

நம் வகுப்பிலே இருபது வயது மாணவர்கள் தொப்பியோடு வந்து உட்காருகிறார்கள். தலைக்கவசத்தாலா, ஆழ்துளைக் கிணற்று உப்புநீராலா, தாய்மாமனாலா என்று பாடம் முடிந்ததும் தனியே வந்து கேட்கிறார்கள். கம்பராமாயணம் நடத்துகிறவரிடம் இதைக் கேட்கும் அளவுக்கு அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. தலைக்கவசம் குற்றவாளி அல்ல. உப்புநீர் முடியை வறட்டலாம்; அதனால் இவ்வகை வழுக்கை விழுவதில்லை. தாய்மாமன்மேல் போடும் பழியில் ஒரு துளி உண்மை உண்டு: ஆண் ஹார்மோனை ஏற்கும் மரபணு ஒன்று தாய்வழியே வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆயினும் 2017இல் பிரிட்டனில் 52,000 ஆண்களைக் கொண்டு செய்த ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் காட்டியது. ஆகவே தந்தை வழியையும் சேர்த்தே திட்ட வேண்டும். வழுக்கை உள்ளவனுக்கு ஆண்மை மிகுதி என்ற சீசர் காலத்து நம்பிக்கையும் நிற்கவில்லை. ஹார்மோன் அளவு ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றே. மயிர்க்கால்கள் அதற்கு எவ்வளவு மசிகின்றன என்பதில்தான் வேறுபாடு. முடி வேரோடு செத்துவிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைந்து, மயிர்க்கால் சுருங்கி, கடைசியில் பூனைமயிர் போல ஆகிறது. வட்டமாகத் திட்டுத்திட்டாக உதிரும் புழுவெட்டு முற்றிலும் வேறு நோய். உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குவது அது. புழுவுக்கு அதில் பங்கில்லை.

மாத்திரை சாப்பிடலாமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்ல நாம் மருத்துவர் அல்லோம். இரண்டு ஆண்டுகள் நடந்த பரிசோதனையில், சாப்பிட்டவர்களில் 83 விழுக்காட்டினர் முடியின் எண்ணிக்கையைக் காத்துக்கொண்டார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 28 விழுக்காட்டினர். நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். சிலருக்குப் பாலுறவு நாட்டமும் திறனும் குன்றுகின்றன. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளுள் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்தது. இணையத்தில் வாங்கி, எவரிடமும் சொல்லாமல் விழுங்குகிற பிள்ளைகளிடம் இதை மட்டுமாவது சொல்லிவிடுகிறோம்.

அந்த மருந்தின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. கருவுற்ற பெண்கள், உடைந்த அல்லது பொடிந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. காரணமும் அதிலேயே இருக்கிறது: வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு முறையாக உருவாகாமல் போகலாம். லாஸ் சலினாஸ் பிள்ளைகள் பிறந்தபோது இருந்ததைப் போல.