சாலிடர் மாஸ்க் திறப்பு

பிசிபி எனப்படும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் செம்புத் தடங்களை மூடியிருக்கும் எப்பாக்சிப் பூச்சுக்குச் சாலிடர் மாஸ்க் என்று பெயர். பெரும்பாலான பலகைகளின் பச்சை நிறம் இந்தப் பூச்சினுடையது. பாகங்களைப் பற்றவைக்கும் பேட்களின் மேல் மட்டும் பூச்சு விலகிச் செம்பு வெளியே தெரியும். அந்த இடமே சாலிடர் மாஸ்க் திறப்பு. வடிவமைப்பு மென்பொருளில் இது ஓர் எண்ணாகத்தான் வருகிறது: பேட்டின் விளிம்பிலிருந்து திறப்பு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற எண். அல்டியம் மென்பொருள் இதை 4 மில், அதாவது ஏறத்தாழ 0.1 மி.மீ., என்று தானே போட்டு வைத்திருக்கும். பலரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் தயாரிப்பில் வரும் பிழையை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற முடிவுதான் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பலகை முழுவதற்கும் ஒரே எண்ணை வைப்பது, கால்கள் நெருங்கிய இன்றைய பாகங்களுக்குப் பொருந்தாது.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதைத் தயாரிப்பு முறையே காட்டிவிடும். திரவ மாஸ்க்கைப் பலகை முழுவதும் பூசி, ஈரம் போக உலர்த்தி, ஃபிலிம் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடத்தைச் சோடியம் கார்பனேட் கரைசல் கழுவிச் செல்லும். பிறகு சூட்டில் முழுவதும் பதப்படுத்துகிறார்கள். ஃபிலிம் ஈரப்பதத்திற்கேற்ப நீளும், சுருங்கும். பலகையும் அதற்கு முந்தைய கட்டங்களின் அழுத்தத்திலும் சூட்டிலும் சற்று அளவு மாறியிருக்கும். அதனால் மாஸ்க் படம் செம்புப் படத்தின் மேல் கச்சிதமாக உட்காராது. ஃபிலிம் முறையில் 50 முதல் 75 மைக்ரான் வரை விலகுவது சாதாரணம். இன்னொரு சிக்கல், ஒளி மாஸ்க்கின் அடிவரை முழு வலுவோடு போய்ச் சேராதது. அடிப்பகுதி குறைவாக இறுகுவதால் கரைசல் அங்கே உள்ளே அரிக்கும். இரண்டு பேட்களுக்கு நடுவே நிற்கும் மாஸ்க் அணை மிக ஒடுங்கியதாக இருந்தால், அடி அரிக்கப்பட்டுப் பெயர்ந்துவிடும். பச்சை மாஸ்க்குக்கு 0.1 மி.மீ. அணை பரவலாகக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு. கறுப்பும் வெள்ளையும் ஒளியை இன்னும் அதிகமாகத் தடுப்பதால் அவற்றுக்கு இதைவிட அகலம் வேண்டும். அழகுக்காகக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது அரிது.

இனி கால்கள் வெளியே நீளாமல், அடிப்புறத்தில் மையத்துக்கு மையம் 0.5 மி.மீ. இடைவெளியில் இணைப்புகள் அமைந்த ஒரு கியூஎஃப்என் சிப்பை எடுத்துக்கொள்வோம். பேட்டின் அகலம் 0.30 மி.மீ. என்றால் இரண்டு பேட்களுக்கு நடுவே 0.20 மி.மீ. மிஞ்சும். ஒவ்வொரு பக்கமும் 4 மில் விட்டால் திறப்புகளே 0.2032 மி.மீ. எடுத்துக்கொள்ளும், அணைக்கு இடமே இல்லை. 0.05 மி.மீ. விட்டால் சரியாக 0.10 மி.மீ. அணை நிற்கும். அப்படியானால் விடும் அளவைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 0.05 மி.மீ. விட்ட இடத்தில் மாஸ்க் 0.075 மி.மீ. நகர்ந்தால், ஒரு பக்கம் 0.025 மி.மீ. அளவுக்குப் பேட்டின் மேலேயே ஏறிவிடும்; அங்கே சாலிடர் ஒட்டாது. மறுபக்கம் திறப்பு பேட்டைத் தாண்டி 0.125 மி.மீ. வரை நீளும். பேட்டிலிருந்து 0.1 மி.மீ. தள்ளி ஒரு தடம் ஓடினால் அதன் விளிம்பு வெளிப்பட்டு ஷார்ட் ஆக வழி பிறக்கும். எனவே தடத்துக்கும் பேட்டுக்கும் உள்ள இடைவெளி, விட்ட அளவும் நகர்வும் சேர்ந்த தொகையை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். அணை, பேட், தடம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் திறப்பின் அளவு கிடைக்கும்.

அடியில் சாலிடர் உருண்டைகள் அமைந்த பிஜிஏ சிப்களில் கேள்வி துல்லியத்தோடு நிற்பதில்லை, இணைப்பின் ஆயுளையும் தொடுகிறது. திறப்பு பேட்டை விடப் பெரிதாக இருந்தால் சாலிடர் செம்பின் பக்கவாட்டையும் பற்றிக்கொள்ளும். திறப்பு சிறிதாக இருந்து மாஸ்க் பேட்டின் ஓரத்தை மூடினால், மாஸ்க்கின் விளிம்பு சாலிடர் உருண்டையில் ஒரு வெட்டுப்போல் பதியும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் பொதுவாக முதல் வகையே பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் கீழே விழும் கைக்கருவிகளில் நிலைமை வேறு: மாஸ்க் மூடிய பெரிய பேட் பலகையை இறுக்கிப் பிடிக்கும், சிறிய பேட் அடிப்பலகையோடு பிய்ந்து வரும் வாய்ப்பு அதிகம். இதைவிட எளிதில் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. 0.30 மி.மீ. விட்டமுள்ள பேட்களுக்கு 0.40 மி.மீ. திறப்பு வைத்திருக்கிறோம்; கிரவுண்டுக்குப் போகும் ஒரு பேட்டை மட்டும் அகன்ற செம்புப் பரப்போடு நேரடியாக இணைத்துவிட்டோம் என்று கொள்வோம். அங்கே சாலிடர் பரவும் இடத்தைத் திறப்பே தீர்மானிக்கும். பரப்பளவு மற்றவற்றைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்காகும். உருண்டை அதிகமாகப் பரவித் தாழ்ந்துபோகும். அந்த இடத்தில் திறப்பை 0.30 மி.மீ. ஆக்கலாம், அல்லது பேட்டை மெல்லிய தடத்தால் இணைக்கலாம். இரண்டும் வடிவமைப்பாளர் செய்ய வேண்டியவை.

திறப்பைப் பேட்டின் அளவுக்கே வைத்து, விரிக்கும் வேலையைத் தயாரிப்பாளரிடம் விட்டுவிடலாம் என்பது ஒரு வாதம். தன் இயந்திரத்தின் பிழை அவருக்குத்தான் தெரியும் என்பதால், சாதாரண பேட்களுக்கு இது நல்ல வழியே. ஆனால் எந்தப் பேட்டை வேண்டுமென்றே மாஸ்க்கால் மூடினோம் என்பது அவருக்குத் தெரியாது. அணை பிடிக்காது என்று கண்டால் வரிசை முழுவதையும் ஒரே திறப்பாக மாற்றியும் விடலாம். லேசர் நேரடி ஒளிப்பதிவு வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்பவர்களும் உண்டு. ஃபிலிம் இல்லாததால் நகர்வு 25 மைக்ரான் அளவுக்குக் குறைவது உண்மை. ஆனால் அடி அரிப்பு இருக்கும்வரை அணையின் குறைந்தபட்ச அகலம் என்ற வரம்பும் இருக்கும். அணையே இல்லாமல், ஸ்டென்சில் வழியாக வைக்கும் சாலிடர் பேஸ்ட்டின் அளவைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பதுதான் வலுவான மறுப்பு. 0.4 மி.மீ. இடைவெளியில் பல பலகைகள் அப்படித்தான் ஓடுகின்றன. அங்கே ஷார்ட்டைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் பேஸ்ட்டின் மேல் விழுகிறது; பழுது பார்க்கக் கையால் சாலிடர் வைக்கும்போது அந்தக் கட்டுப்பாடும் போய்விடும். பேட்டுக்கும், பலகையின் அடுக்குகளை இணைக்கும் துளையான பக்கத்து வயாவுக்கும் நடுவில் அணை இல்லாவிட்டால் நிலை இன்னும் மோசம்: உருகிய சாலிடர் துளைக்குள் இறங்கிப் பேட் வெறுமையாகிவிடும்.

ஆகவே முதலில் தயாரிப்பாளரிடம் மாஸ்க் நகர்வின் வரம்பையும், தேர்ந்தெடுத்த நிறத்துக்கான அணையின் குறைந்தபட்ச அகலத்தையும் கேட்டு வாங்குங்கள். பிஜிஏ, கியூஎஃப்என் பேட்களுக்குத் தனி விதி எழுதுங்கள். அந்தத் திறப்புகளைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பதைத் தயாரிப்புக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.