அமெரிக்க அதிபர் தேர்தல்: மாநில வாரியான கணிப்புகளைப் புரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் "இந்த வேட்பாளர் 3 சதவீதம் முன்னிலை" என்ற செய்திகள் நம் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. நாடு முழுவதற்குமான அந்த ஒரு எண்ணை வைத்து வெற்றியாளரைச் சொல்லிவிட முடியாது. அங்கு அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநில வாரியாகத் தேர்வாகும் தேர்வாளர்கள்.

தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர். வெற்றிக்கு 270 பேரின் ஆதரவு தேவை. இன்று கலிபோர்னியாவுக்கு 54, மிச்சிகனுக்கு 15, வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் அம்மாநிலத் தேர்வாளர்கள் அனைவரும் அவருக்கே.

2016-ல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப் பெற்ற கூடுதல் வாக்குகளைச் சேர்த்தாலும் 78 ஆயிரத்தைத் தாண்டவில்லை.

கணிப்பாளர்கள் முதலில், எப்போதும் ஒரே கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலங்களைத் தனியே வைக்கிறார்கள். பிறகு, இழுபறி மாநிலங்களின் கருத்துக்கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி காண்கிறார்கள். கடைசியாக, கணினியில் தேர்தலை ஆயிரக்கணக்கான முறை நடத்திப் பார்த்து வெற்றி வாய்ப்பைச் சொல்கிறார்கள். இந்த முறையில் நேட் சில்வர் 2012-ல் 50 மாநிலங்களின் முடிவையும் சரியாகக் கணித்தார்.

அவரது தளமே 2016-ல் டிரம்புக்குச் சுமார் 29 சதவீத வாய்ப்பு தந்தது. அதைப் பலரும் "தோல்வி உறுதி" என்று படித்தார்கள். பத்து முறையில் மூன்று முறை நடக்கக்கூடியது அரிதான நிகழ்வு அல்லவே! மேலும், கருத்துக்கணிப்பின் பிழை ஒரு மாநிலத்தோடு நிற்பதில்லை. அந்த ஆண்டு பல மாநிலக் கணிப்புகளில் பட்டதாரிகளின் குரல் கூடுதலாகப் பதிவானது; அது சரிசெய்யப்படவில்லை. எனவே ஒத்த தன்மையுள்ள மாநிலங்கள் அனைத்திலும் பிழை ஒரே பக்கமாகச் சாய்ந்தது.

சிறுபான்மையினர் விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. ஒரு மாநிலத்தில் 800 பேரிடம் கேட்டால், அதில் முஸ்லிம்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருப்பார்கள். அவர்கள் பதிலை வைத்து ஒரு சமுதாயத்தின் மனநிலையை அளக்க முடியாது. மிச்சிகனில் அரபு மக்கள் பெருமளவில் வாழும் டியர்போர்ன் நகரம் 2020-ல் பைடனுக்குப் பெருவாரியாக வாக்களித்தது. காஸா போரால் எழுந்த கோபத்துக்குப் பின், 2024-ல் அங்கு டிரம்ப் முதலிடம் பெற்றார். ஜில் ஸ்டெயினுக்கும் கணிசமான வாக்குகள் விழுந்தன. ஆனால் மாநில அளவில் வித்தியாசம் சுமார் 80 ஆயிரம். ஆகவே "முஸ்லிம்களால்தான் முடிவு மாறியது" என்று சொல்வதும் சரியாகாது.

இனி இப்படியொரு கணிப்பு வந்தால், பிறருக்கு அனுப்பும் முன் மூன்றைப் பார்ப்போம். அது எந்த மாநிலத்தைப் பற்றியது? எத்தனை பேரிடம், எப்படிக் கேட்டார்கள்? முன்னிலை, பிழை வரம்பை விடப் பெரிதா? ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒவ்வொருவரின் எண்ணும் 3 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம். அப்படியிருக்க, 2 சதவீத முன்னிலையை வெற்றிச் செய்தியாகப் பரப்புவது நமக்குத் தேவையில்லாத வேலை.