பள்ளி வழிபாடும் அரசின் நடுநிலையும்: திருநெல்வேலிச் சீமையின் அனுபவம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையில் நிற்கும் கூட்டத்திற்கு இறைவணக்கக் கூட்டம் என்று பெயர். மாணவர் பேச்சில் அது ‘பிரேயர்’. அரசுப் பள்ளிகளில் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு எனச் சென்று நாட்டுப்பண்ணோடு கூட்டம் முடியும். பெயரில் இறைவணக்கம் இருந்தாலும், இந்த நிரலில் எந்த ஒரு சமயத்தின் கடவுளுக்கும் தனி இடம் இல்லை.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளியில் யாருடைய வழிபாடு நடக்க வேண்டும் என்ற கேள்வி நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அரசும் சமயமும் விலகி நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த கருத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பள்ளியைப் பொறுத்தவரை, அந்த விவாதத்தின் முக்கியமான சில பகுதிகள் தாமிரபரணிக் கரையிலேயே நடந்தன. அவற்றில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பள்ளிக்குச் செலவாகும் பணம் யாருடையது? விரும்பாத மாணவன் விலகி நிற்க முடியுமா?

மிஷன் பள்ளிகளும் 1845–46 கலகமும்

ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் விரைவாகப் பெருகின. பின்னர் சாயர்புரத்தில் ஜி. யு. போப், இடையன்குடியில் கால்டுவெல் ஆகியோரும் பள்ளிகளை வளர்த்தனர். ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் இடம் கிடைக்காத சாதியாரின் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் எழுத்தறிவு பெற இவை வழி செய்தன. அதே சமயம், வேதாகமப் பாடமும் ஜெபமும் இப்பள்ளிகளின் அன்றாட வேலையில் பிரிக்க முடியாத பகுதிகள். பள்ளியை நடத்தியவர்கள் இதை மறைக்கவும் இல்லை.

மதமாற்றம் பெருகியபோது எதிர்ப்பும் எழுந்தது. 1840-களில் ‘விபூதி சங்கம்’ என்ற அமைப்பு தோன்றியது. 1845-ஆம் ஆண்டின் இறுதியில் நல்லூர் வட்டாரத்தில் கிறித்தவர்கள் தாக்கப்பட்டனர். இது தொடர்பான வழக்கு சென்னை சதர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே கவர்னர் டுவீடேல் பிரபுவுக்கும் நீதிபதி மால்கம் லூவினுக்கும் மோதல் ஏற்பட்டு, லூவின் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கவர்னர் மிஷனரிகளின் பக்கம் சாய்கிறார் என்ற எண்ணம் சென்னை இந்துக்களிடையே வலுத்தது.

இந்தச் சூழலில்தான் 1846-இல், அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடநூலாக வைக்கலாம் என்று டுவீடேல் முன்மொழிந்தார். ‘கிரசெண்ட்’ இதழை நடத்தி வந்த கஜுலு லட்சுமிநரசு செட்டி முதலியோர் சென்னையில் கூட்டம் கூட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். கம்பெனியின் இயக்குநர்கள் 1847-இல் இந்த யோசனையை நிராகரித்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வை கம்பெனியின் கையில் இருந்தது. கிறித்தவ அரசு கோயில் நிர்வாகத்தில் ஈடுபடலாகாது என்று மிஷனரிகள் வற்புறுத்தினர். 1840-களில் கம்பெனி அதிலிருந்து விலகத் தொடங்கியது. ஆக, ‘அரசு கோயிலை விட்டு விலகட்டும்’ என்று ஒரு தரப்பும், ‘அரசுப் பள்ளியில் பைபிள் வேண்டாம்’ என்று மறு தரப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கேட்டன. அரசு சமயத்தில் தலையிடக்கூடாது என்ற கொள்கை அன்று எந்த ஒரு சமயத்தாரின் தனிச் சொத்தாகவும் இல்லை. தமக்குப் பாதகம் வரும்போது ஒவ்வொருவரும் அதை நாடினார்கள்.

1854: உட் அறிக்கை

1854-ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை இதற்கு ஒரு நிலையான விடை தந்தது. அரசுக் கல்வி நிலையங்கள் மக்கள் அனைவருக்கும் உரியவை. எனவே அங்கே தரப்படும் கல்வி முற்றிலும் சமயச் சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. பைபிள் நூலகத்தில் இருக்கலாம். மாணவன் தானாக விரும்பிக் கேட்டால், பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியர் விளக்கலாம். அதற்கு மேல் இல்லை.

அதே அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறையையும் தொடங்கி வைத்தது. நல்ல பொதுக்கல்வி தரப்படுகிறதா என்பதை மட்டும் அரசு பார்க்கும். அங்கே என்ன சமயம் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பார்க்காது. இதனால் இரண்டு வகைப் பள்ளிகள் உருவாயின. ஒன்று, சமயம் இல்லாத அரசுப் பள்ளி. மற்றொன்று, சமயம் உள்ள உதவிபெறும் பள்ளி. இன்றுவரை நம் கல்வி அமைப்பு இந்த இரண்டு தண்டவாளங்களின் மேல்தான் ஓடுகிறது.

மனச்சான்று விதி

உதவிபெறும் பள்ளியில் பொதுப்பணம் இருக்கிறது. சமய வகுப்பும் இருக்கிறது. அந்தச் சமயத்தைச் சேராத பிள்ளை என்ன செய்வது? வகுப்பிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை ‘மனச்சான்று விதி’ எனப்பட்டது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரி போன்றோர் இதற்காக வாதாடினர்.

மிஷன் தரப்பின் பதில் எளிதாக ஒதுக்கக்கூடியதன்று. ‘எங்கள் சமயத்தைக் கற்பிக்கவே பள்ளி நடத்துகிறோம். யாரையும் வா என்று கட்டாயப்படுத்தவில்லை. பிடிக்காதவர்கள் வேறு பள்ளிக்குப் போகலாம்’ என்றார்கள். திருநெல்வேலி நகரத்துக்கு இந்தப் பதில் ஓரளவு பொருந்தும். 1878-இல் கல்லூரியாக உயர்ந்த இந்துக் கல்லூரியும் அதன் பள்ளியும் அங்கே இருந்தன. ஆனால் தேரிக்காட்டு ஊர்களில் மிஷன் பள்ளியை விட்டால் வேறு பள்ளி கிடையாது. அங்கே ‘வேறு பள்ளிக்குப் போ’ என்பது ‘படிக்காதே’ என்று சொல்வதற்குச் சமம்.

1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. ஓர் ஊரில் ஒரே ஒரு பள்ளிதான் உண்டு, அதில் சமய போதனையும் உண்டு என்றால், பெற்றோர் தம் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ளலாம். மற்றப் பயன்களைப் பிள்ளை இழக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது.

சேரன்மகாதேவி குருகுலம்

அடுத்த சோதனை மிஷன் பள்ளியில் நடக்கவில்லை. தேசியப் பள்ளியில் நடந்தது. வ. வே. சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது சேரன்மகாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளியானதும் பெரும் புயல் எழுந்தது. பாடத்திலும் வழிபாட்டிலும்கூட வேறுபாடு காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டும் வந்தது. டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். இரண்டு மாணவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்குறுதியால்தான் தனிப்பந்தி நடக்கிறது என்பது ஐயரின் விளக்கம். அந்த இருவர் அளவில் வாக்குறுதியைக் காக்கலாம், இனி வருவோர் அனைவரும் சேர்ந்தே உண்ண வேண்டும் என்பது காந்தியடிகள் சொன்ன வழி. 1925-இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று தாமும் உயிரிழந்தார். ஆண்டு முடிவதற்குள் ராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார்.

குருகுலப் போராட்டத்தைச் சாதி வரலாற்றின் ஒரு பக்கமாகவே நாம் படிக்கிறோம். பள்ளி வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. தன் பிள்ளையைப் பிறருடைய சடங்கிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமைதான் மனச்சான்று விதி. குருகுலத்தில் கேட்கப்பட்டது வேறு. தன் ஆசாரத்துக்காகப் பிற பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைக்கும் உரிமை, அதுவும் பொதுமக்கள் தந்த பணத்தில். முதலாவது மனச்சான்று. இரண்டாவது சலுகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்பது சேரன்மகாதேவி தந்த பாடம்.

அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு

விடுதலைக்குப் பின் இந்த அனுபவங்களெல்லாம் சட்ட வடிவம் பெற்றன. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்தில், எந்த ஒரு சமயத்துக்காகவும் மக்களிடம் வரி வாங்கக்கூடாது என்று ஏற்ற பிறகு அந்தப் பணத்தில் சமய போதனை நடத்துவது பொருந்தாது என்பதை அம்பேத்கர் ஒரு காரணமாகக் காட்டினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த 28-ஆம் பிரிவின் சாரம் இது:

1. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது.
2. அறக்கட்டளையால் நிறுவப்பட்டு, சமய போதனை வேண்டும் என்ற நிபந்தனை உள்ள நிலையத்தை அரசு நிர்வகித்தால், அதற்கு முதல் விதி பொருந்தாது.
3. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிலையத்தில், மாணவரின் சம்மதம் இன்றி (அவர் சிறுவராயின் காப்பாளரின் சம்மதம் இன்றி) சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக்கூடாது.

மூன்றாவது விதி பழைய மனச்சான்று விதியின் வாரிசு. ஆனால் அதைவிட வலுவானது. பழைய விதியில் பெற்றோர் வந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். இதில் ‘சரி’ என்று சொன்னால்தான் உண்டு. நான் உதவிபெறும் பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில், கிறித்தவப் பிள்ளைகள் வேத வகுப்புக்கும் மற்றவர்கள் நீதிபோதனை வகுப்புக்கும் பிரிந்து போவார்கள். நல்ல ஏற்பாடு; சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் காலைக் கூட்டத்தின் ஜெபத்துக்கு எல்லோரும் நிற்பார்கள். அதற்குப் பெற்றோரிடம் சம்மதம் கேட்டதை நான் கண்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. யாரும் மறுக்கவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நீதிமன்றங்களில்

முதல் விதியில் ‘சமய போதனை’ என்ற சொல் மட்டுமே இருக்கிறது. ‘வழிபாடு’ மூன்றாம் விதியில்தான் வருகிறது. அப்படியானால் அரசுப் பள்ளியின் காலைப் பிரார்த்தனை சமய போதனை ஆகுமா? கேந்திரிய வித்யாலயா பள்ளிகளின் பிரார்த்தனைப் பாடல் குறித்த வழக்கில் இக்கேள்வி எழுந்தது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு என்பதை அருணா ராய் வழக்கில் (2002) அதே நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது.

அமெரிக்கா இதில் இன்னும் கண்டிப்பான வழியைத் தேர்ந்தது. நியூயார்க் மாநில அதிகாரிகள் எந்தப் பிரிவையும் சாராத ஒரு சிறு பிரார்த்தனையை எழுதித் தந்தார்கள். விரும்பாத பிள்ளை விலகிக்கொள்ளலாம். ஆயினும் 1962-இல் ஏங்கல் எதிர் விட்டாலே வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிரார்த்தனை எழுதுவது அரசின் வேலை இல்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. உட் அறிக்கை வந்து அப்போது 108 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விலகி நிற்பவரின் உரிமைக்கு இந்தியாவில் மேற்கோளாகக் காட்டப்படுவது பிஜோ இம்மானுவேல் வழக்கு (1986). நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைக் கேரளப் பள்ளி ஒன்று நீக்கியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது.

தமிழ்த்தாய் வாழ்த்து

இன்று பள்ளிகளில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் இந்தச் சீமைக்கும் உறவு உண்டு. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை, திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் தொடக்கக் காலத்தில் அங்கே பணியாற்றியவர். தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். அவருடைய ‘மனோன்மணீயம்’ நாடகம் 1891-இல் வெளிவந்தது. அதன் பாயிரத்திலுள்ள வாழ்த்தைத் தமிழக அரசு 1970-இல் ஏற்றபோது சில அடிகளை விட்டுவிட்டது. வடமொழி வழக்கிழந்ததைக் குறிக்கும் அடி விடப்பட்டது பலருக்கும் தெரியும். தமிழைப் பரம்பொருளுக்கு ஒப்பிடும் அடிகளும் விடப்பட்டன. சைவ வேதாந்த மரபில் ஊறிய ஒருவரின் பாட்டு, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பாடக்கூடியதாக ஆனது. 2021 டிசம்பரில் அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்தது.

முடிவுரை

பணம் யாருடையது, விலகி நிற்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிட்டது. இரண்டாவது இன்னும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு காலையிலும் கேட்கப்பட வேண்டியது. சட்டம் கேட்பது சம்மதத்தை. பத்து வயதுப் பிள்ளை வரிசையிலிருந்து தானாக வெளியே வந்து ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லாது. எனவே கேட்க வேண்டிய பொறுப்பு ஆசிரியருடையது.